டிஎம்டி அறைக்குள் போகுமுன்

(மயிலாப்பூரில் மூத்த குடிமக்கள் கூட்டமொன்றில் பொது மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கம் இரண்டாவது மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. ஆகவே எல்லோரும் படியேறித்தான் வந்திருக்கிறீர்கள். ஏறும்போது யாருக்காவது நெஞ்சில் பாரம் ஏற்றி வைத்தாற்போல் இருந்ததா? நின்று மூச்சு வாங்கியதும் அது விட்டதா? அப்படி இருந்திருந்தால் நாளைக் காலையிலேயே உங்கள் டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம். உட்கார்ந்த பிறகும் விடவில்லை என்றால் இப்போதே கையைத் தூக்குங்கள். பேச்சை நிறுத்திவிட்டு 108ஐக் கூப்பிடுவோம். யாரும் தூக்கவில்லை. நல்லது, தொடர்கிறேன்.

இப்போது நான் கேட்ட கேள்வி என்னுடையது இல்லை. லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் 1768இல் சக மருத்துவர்கள் முன் ஒரு கட்டுரை படித்தார். சிலருக்கு நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போதும் சாப்பிட்ட கையோடு நடக்கும்போதும், நெஞ்சை இறுக்கும் வேதனை வருகிறது. நின்றால் போய்விடுகிறது என்றார். அப்போது ஈசிஜி கிடையாது. ஸ்டெதாஸ்கோப்கூட வரவில்லை. நோயாளி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டே அவர் இதைப் பிடித்தார். இன்று நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் நடக்கும் டிஎம்டி, அதாவது டிரெட்மில் டெஸ்ட், அதே கேள்வியைத்தான் கேட்கிறது. உங்களை மேட்டில் நடக்க வைத்து, நடக்க நடக்க ஈசிஜி எடுக்கிறது.

எதற்காக நடக்க வைக்க வேண்டும்? பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் உள்ளே துருப்பிடித்துச் சுருங்கியிருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் நன்றாகவே வரும். காலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் திறக்கும்போதுதான் கடைசி வீட்டு மாமி பால்கனிக்கு வந்து சத்தம் போடுவார். படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி மத்தியான நேரத்துக் கணக்கு. இதயத்தின் ரத்தக்குழாய் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தாலும் அது சுத்தமாக இருக்கக்கூடும். உழைக்க வைத்துத் தேவையைக் கூட்டினால்தான் பற்றாக்குறை தெரியும்.

இந்த டெஸ்ட்டுக்கு எப்படித் தயாராவது என்று பேசத்தான் என்னை அழைத்தார்கள். நம் பேட்டையில் இதைப் பரீட்சை மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். டிஎம்டி என்று சீட்டு எழுதிக் கொடுத்ததும், மறுநாளிலிருந்து நாகேஸ்வர ராவ் பூங்காவில் இரண்டு சுற்று கூடுதலாக நடக்கிறார்கள். வெண்ணெயை நிறுத்துகிறார்கள். எப்படியாவது பாஸ் பண்ண வேண்டுமாம். யாரை ஏமாற்ற? இந்தப் பரிசோதனையில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய ஏற்பாடு, உங்கள் உடம்பைப் பற்றிய உண்மையை முன்கூட்டியே, முழுசாக, வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுவதுதான். காபி, செருப்பு, எண்ணெய்க் குளியல் எல்லாவற்றுக்கும் வருகிறேன். அவையெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் கேட்க வேண்டியது: எனக்கு எதற்காக இந்த டெஸ்ட்?

இங்கே இருப்பவர்களில் பலருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அங்கிருந்தே ஆன்லைனில் ஒரு மாஸ்டர் ஹெல்த் செக்கப் பதிவு செய்துவிடுகிறார்கள். பாசத்தைக் குறை சொல்லவில்லை. அந்தப் பேக்கேஜில் ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், கண், பல் எல்லாவற்றோடும் டிஎம்டியும் சேர்ந்து வந்துவிடுகிறது. நெஞ்சு வலி இல்லை, மூச்சிரைப்பு இல்லை, சர்க்கரை இல்லை, பிபி இல்லை, புகை இல்லை. ஆனாலும் ஏறு என்கிறார்கள். இங்கேதான் ஒரு கணக்கு இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், பள்ளிக்கூடக் கணக்குத்தான்.

பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், அடைப்பு உள்ள 100 பேரில் 68 பேரை டிஎம்டி பிடித்தது. அடைப்பு இல்லாத 100 பேரில் 77 பேரைச் சரியாக விடுவித்தது. மீதி 23 பேரை வீணாகச் சந்தேகப்பட்டது. அறிகுறி ஏதும் இல்லாத 100 பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 5 பேருக்குத்தான் அடைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 5 பேரில் 3 பேரைப் பிடிக்கும். மீதி 95 பேரில் சுமார் 22 பேருக்கும் 'பாசிட்டிவ்' என்று அச்சாகும். ஆக 25 பேர் கையில் பாசிட்டிவ் ரிப்போர்ட்டோடு தூங்காமல் கிடப்பார்கள். அதில் நிஜ நோயாளி 3 பேர். இப்போது இன்னொரு 100 பேர். எல்லோருக்கும் நடந்தால் நெஞ்சை இறுக்குகிறது, 50 பேருக்கு அடைப்பு இருக்கும் என்று டாக்டர் மதிப்பிடுகிறார். இங்கே 34 பேரைச் சரியாகப் பிடிக்கும், 11 அல்லது 12 பேரைத்தான் வீணாகச் சந்தேகிக்கும். மெஷின் அதேதான், காலுக்கடியில் ஓடும் பட்டை அதேதான். யாரை ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்து அந்த ரிப்போர்ட்டின் அர்த்தமே மாறிவிடுகிறது. இந்தக் காரணத்தால்தான், அறிகுறியும் ஆபத்துக் காரணங்களும் இல்லாதவர்களுக்கு இதைச் சும்மா எடுத்துப் பார்க்க வேண்டாம் என்று அமெரிக்க அரசின் தடுப்பு மருத்துவக் குழு 2012லும், மறுபடி 2018லும் சொன்னது.

அதற்காக நம் ஊரில் இதய நோய் குறைவு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னையில் இரண்டு குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் பார்த்தார்கள். ஒன்று திருமங்கலம் ஆசியாட் காலனி, இன்னொன்று இதோ பக்கத்தில் தியாகராய நகரின் பாரதி நகர். 2001இல் வந்த அந்த ஆய்வின்படி, 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 11 பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய்க்கான சான்று இருந்தது. சர்க்கரை நோயாளிகளை மட்டும் தனியே எடுத்தால் 100க்கு 21. ஆகவே சர்க்கரை உள்ளவர் 'எனக்கு வலியே இல்லையே' என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. அவர்களுக்கு நரம்பு மரத்துப்போய் வலி தெரியாமலேயே இதயம் பட்டினி கிடக்கலாம். படியேறினால் மூச்சு வாங்குவதுதான் அவர்களுக்கு வலி.

வலி என்றதும் நம் ஊரின் பெரிய வில்லன் ஞாபகத்துக்கு வருகிறது: கேஸ். நெஞ்சில் எது வந்தாலும் கேஸ்தான். உடனே ஓம வாட்டர், பெருங்காயம் போட்ட மோர், ஒரு ஜெலுசில். 'கேஸ் ட்ரபிள் டாக்டர், ஏப்பம் விட்டா சரியாயிடறது' என்பார்கள். நான் ஒன்றுதான் கேட்பேன்: உட்கார்ந்து டிவி பார்க்கும்போது வருகிறதா, மார்க்கெட்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வரும்போது வருகிறதா? எவ்வளவு தூரம் நடந்தால் வருகிறது? நின்றால் எத்தனை நிமிஷத்தில் போகிறது? தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிறதா? டெஸ்ட்டுக்கு முன்னால் ஒரு வாரம் இதைக் கவனித்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள். திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தின் படிகளில் எந்த இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது என்று சொல்கிற நோயாளி, பாதி டிஎம்டியை எனக்கு முடித்துக் கொடுத்துவிடுகிறார்.

ஒரு எச்சரிக்கை. வலி சில நாட்களாகக் கூடிக்கொண்டே போகிறது, சும்மா இருக்கும்போதும் வருகிறது என்றால் அது டிஎம்டிக்குப் போகிற நிலைமை இல்லை, நேரே எமர்ஜென்சிதான். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர், மகாதமனி வால்வு மிகவும் சுருங்கியவர், இதயம் திணறிக் கால் வீங்கி மூச்சுவிட முடியாமல் இருப்பவர் எல்லாம் பட்டையில் ஏறக்கூடாது. பழைய எக்கோ ரிப்போர்ட் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தால் அதைத் தூசி தட்டி எடுத்துப் போகச் சொல்வது இதற்காகத்தான்.

இனி மாத்திரைகள். 'என்ன மாத்திரை சாப்பிடறீங்க?' என்று கேட்டால் நம் ஆண்பிள்ளைகளுக்குத் தெரியாது. 'சின்னதா வெள்ளையா ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அவளைத்தான் கேக்கணும்' என்பார்கள். மனைவியோ வெளியே வராண்டாவில் உட்கார்ந்திருப்பார். தயவுசெய்து அட்டையோடு கொண்டுபோங்கள். இல்லையென்றால் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மெட்டோப்ரோலால், அட்டெனலால், பைசோப்ரோலால் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. பிபிக்கும் படபடப்புக்கும் கொடுப்பார்கள். இவை நாடித்துடிப்பை ஏற விடாமல் பிடித்து வைக்கும். டிஎம்டியில் நாடி ஓர் அளவுக்காவது ஏற வேண்டும்: 220இலிருந்து வயதைக் கழித்து, வருவதில் 85 சதவீதம். 60 வயதுக்காரருக்கு 160இல் 85 சதவீதம், அதாவது நிமிஷத்துக்கு 136. மாத்திரையை விழுங்கிவிட்டு ஏறினால் 110இலேயே நாடி நின்றுவிடும், கால் ஓய்ந்துவிடும், 'முடிவு சொல்ல இயலவில்லை' என்று ரிப்போர்ட் வரும். பணமும் காலையும் வீண்.

அதனால் ஓரிரு நாள் முன்பு நிறுத்தச் சொல்லும் வழக்கம் உண்டு. ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்திருந்த நாடியும் பிபியும் சீறிக்கொண்டு எழும். அடைப்பு உள்ளவருக்கு அதுவே வினையாகலாம். தவிர, ஏற்கெனவே நோய் தெரிந்தவருக்கு மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்ப்பதற்காக டாக்டர் டெஸ்ட் எழுதியிருந்தால் மருந்து போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு நிறுத்தச் சொன்னார்கள் என்பது உங்களுக்குப் பொருந்தாது. டிகாக்சின் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்; அது அடைப்பே இல்லாமல் ஈசிஜி கோட்டைக் கீழே இழுத்துக் காட்டும். நாட்டு மருந்து, லேகியம் எதுவானாலும் சொல்லுங்கள்.

இன்னொரு மாத்திரையைப் பற்றியும் இந்தச் சபையில் சொல்லித்தான் ஆக வேண்டும். சில்டனாஃபில், டடாலாஃபில். எதற்கு என்று உங்களுக்கே தெரியும். முன்வரிசையில் ஒருவர் மின்விசிறியைப் பார்க்கிறார், பரவாயில்லை. பரிசோதனையின்போது வலி வந்தால் நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைப்பார்கள். சில்டனாஃபில் சாப்பிட்டு ஒரு நாளுக்குள், டடாலாஃபில் என்றால் இரண்டு நாளுக்குள், அந்த சார்பிட்ரேட் உள்ளே போனால் பிபி தரைமட்டத்துக்கு விழும். உயிரே போகலாம். மகனும் மருமகளும் கூட வந்திருக்கிறார்கள் என்று வாயைத் திறக்காமல் இருந்துவிடாதீர்கள். அவர்களைத் தண்ணீர் பாட்டில் வாங்கி வர அனுப்பிவிட்டு டாக்டர் காதில் சொல்லுங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்கு மாத்திரையும் சாப்பாடும் இணைந்த சிக்கல். வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு சாப்பிடாமல், ஆனால் இன்சுலினையோ கிளிமிப்ரைடையோ வழக்கம்போல் போட்டுக்கொண்டு வந்து, பட்டையில் வியர்த்து விறுவிறுத்துக் கண் இருட்டினால் அது இதயமா சர்க்கரையா என்று யாருக்கும் புரியாது. அன்று எவ்வளவு போட வேண்டும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். டிஎம்டிக்கு ராத்திரி முழுக்கப் பட்டினி தேவையில்லை. இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி சாப்பிடலாம், தண்ணீர் குடிக்கலாம். ஹெல்த் செக்கப் பேக்கேஜில் ரத்தம் எடுத்ததும் கூப்பன் கொடுத்து கேன்டீனுக்கு அனுப்புவார்கள். அங்கே பொங்கலும் வடையும் கையசைத்துக் கூப்பிடும். அடுத்த அரை மணியில் டிஎம்டி என்று வரிசை போட்டிருந்தால், நேரத்தை மாற்றித் தரும்படி தைரியமாகக் கேளுங்கள். சாப்பிட்ட கையோடு மேடு ஏறினால் என்ன ஆகும் என்று ஹெபர்டன் சொல்லிவிட்டார்.

காபிக்கு வருவோம். மயிலாப்பூரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. 'டாக்டர், ஒரு வாய்தான் குடிச்சேன், அதுவும் தண்ணி காபி' என்று டிஎம்டி அறை வாசலில் நின்று சொல்கிறவர்கள் எத்தனையோ பேர். சாதாரண டிரெட்மில் பரிசோதனைக்கு அந்த ஒரு வாயால் குடிமுழுகிப் போய்விடாது. நாடியும் பிபியும் கொஞ்சம் கூடலாம் என்பதால் தவிர்க்கச் சொல்கிறோம்; குடித்துவிட்டால் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான். ஆனால் முழங்கால் தேய்ந்து நடக்க முடியாதவர்களுக்கு வேறு பரிசோதனை செய்வார்கள். அடினோசின் போன்ற மருந்தை நரம்பில் ஏற்றி, இதயத்தின் ரத்த ஓட்டத்தைக் கதிரியக்கப் பொருளால் படம் பிடிப்பார்கள். நம் ஊரில் பழக்கத்தில் தாலியம் டெஸ்ட் என்பார்கள். இதில் காபி நிஜமாகவே எதிரி. அடினோசின் ரத்தக்குழாயில் எந்தப் பூட்டில் போய் உட்கார வேண்டுமோ அதே பூட்டில் காபியின் கஃபீன் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிடும். மருந்து வேலை செய்யாது. அடைப்பு இருந்தும் படம் சுத்தமாக வரக்கூடும். இதற்கு 12 மணி நேரம், சில இடங்களில் 24 மணி நேரம், காபி கூடாது. டீ, கோலா, சாக்லெட், கஃபீன் கலந்த தலைவலி மாத்திரைகள் எல்லாம் இதில் அடக்கம். கஃபீன் நீக்கிய காபியிலும் மிச்சம் இருக்கும். இரண்டாவது டிகாஷனில் ஒன்றும் இருக்காது என்று வாதாடவும் வேண்டாம். காபி இல்லாமல் வரும் தலைவலியைப் பொறுத்துக்கொண்டு, டெஸ்ட் முடிந்ததும் ஒன்றுக்கு இரண்டாகக் குடித்துக்கொள்ளலாம்.

மூச்சுத்திணறல், ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆஸ்துமா இருந்தால் அந்த அடினோசினே ஆகாமல் போகலாம், முன்பே சொல்ல வேண்டும். சிகரெட் அன்று வேண்டாம். என்றுமே வேண்டாம், அது வேறு சொற்பொழிவு.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அப்படியே டெஸ்ட்டுக்கு வருகிறவர்களைக் கண்டால் டெக்னீஷியன்கள் உள்ளுக்குள் அழுவார்கள். மார்பில் பத்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்: தோளுக்குக் கீழே இரண்டு, வயிற்றின் கீழ்ப்பக்கம் இரண்டு, இதயத்தைச் சுற்றி ஆறு. எண்ணெய்ப் பிசுக்கு, டால்கம் பவுடர், சந்தனம், வாசலைன் எது இருந்தாலும் ஸ்டிக்கர் வழுக்கும். அதற்கு மேல் சென்னை வியர்வை. ஒன்பதாவது நிமிஷத்தில், முக்கியமான கட்டத்தில், ஒரு ஸ்டிக்கர் கழன்று தொங்கும். திரையில் கோடு பேயாட்டம் ஆடும். வெறும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள். நெற்றியில் விபூதி தாராளமாக இருக்கட்டும், மார்பில் வேண்டாம். ஆண்களுக்கு ரேசரால் நாலைந்து இடத்தில் முடியை மழிப்பார்கள், ஸ்பிரிட் போட்டுத் தேய்ப்பார்கள், கொஞ்சம் எரியும். பூணூலைக் கழற்ற வேண்டியதில்லை, ஒதுக்கிவிட்டு ஒட்டுவார்கள்.

பெண்கள் புடவையில் ஏறுவது சரிப்படாது. கொசுவம் பட்டையில் சிக்கினால் விழுந்து பல் உடையும். சுடிதாரின் கால்சராயோ டிராக் பேன்டோ போட்டுக்கொள்ளுங்கள். மேலே முன்பக்கம் திறக்கும் கவுன் கொடுப்பார்கள். கனத்த சங்கிலிகளை வீட்டில் வையுங்கள். தாலிச் சரடை முதுகுப்பக்கம் தள்ளிக்கொள்ளலாம், அதற்காக யாரும் கழற்றச் சொல்ல மாட்டார்கள். பெண் டெக்னீஷியன் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. வீட்டில் ஐயாவுக்குக் கொஞ்சம் ஏப்பம் வந்தாலும் கார்டியாலஜிஸ்ட். அம்மா முதுகில் வலிக்கிறது, தோள்பட்டை இழுக்கிறது, அசதியாக இருக்கிறது என்று மாதக்கணக்கில் சொன்னாலும் தைலம்தான். பெண்களுக்கு இதய நோய் இப்படி வேஷம் மாற்றிக்கொண்டும் வரும். டிஎம்டியில் பெண்களுக்குத் தப்பான பாசிட்டிவ் அதிகம் என்பதால், டாக்டர் நேரே ஸ்ட்ரெஸ் எக்கோவோ சிடி ஆஞ்சியோவோ சொல்லலாம். அதைச் செலவு வைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செருப்பைப் பற்றி ஒரே வரி: முதல் நாள் பாண்டி பஜாரில் வாங்கிய புது ஷூவைப் போட்டுக்கொண்டு வராதீர்கள், பழகிய ஷூ போதும்.

அறைக்குள் என்ன நடக்கும்? ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். படித்துவிட்டுப் போடுங்கள். மாரடைப்போ மரணமோ நேரும் வாய்ப்பு, அதிகபட்சமாக 2500 பரிசோதனைகளுக்கு ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சிறிய ஆபத்துத்தான், ஆனாலும் டாக்டர் அறையிலோ கூப்பிடு தூரத்திலோ இருக்க வேண்டும், ஷாக் கொடுக்கும் கருவி கண்ணில் பட வேண்டும். 'டாக்டர் சாயங்காலம் வந்து கையெழுத்துப் போடுவார்' என்கிற இடத்தில் நான் ஏற மாட்டேன், நீங்களும் ஏறாதீர்கள்.

பெரும்பாலும் நம் ஊரில் பின்பற்றுவது புரூஸ் முறை. அமெரிக்காவில் சியாட்டிலில் ராபர்ட் புரூஸ் என்ற மருத்துவர் 1963இல் வகுத்துக் கொடுத்தது. மூன்று நிமிஷத்துக்கு ஒரு கட்டம். முதல் கட்டத்தில் வேகம் மணிக்கு 2.7 கிலோமீட்டர்; மாட வீதியில் கீரை விலை விசாரித்துக்கொண்டே நடக்கிற வேகம். ஆனால் சாய்வு 10 சதவீதம், 100 அடி நடந்தால் 10 அடி உயரம். அடுத்த கட்டத்தில் 4 கிலோமீட்டர், 12 சதவீதம். மூன்றாவதில் 5.5, 14 சதவீதம். சென்னை தட்டையான ஊர். நடேசன் பூங்காவிலோ எலியட்ஸ் கடற்கரையிலோ பெசன்ட் நகரில் 2023இல் அரசு தொடங்கிய எட்டு கிலோமீட்டர் நடைபாதையிலோ வருஷக்கணக்கில் நடந்தவர்கள்கூட இந்த மேட்டைக் கண்டு திகைக்கிறார்கள். கெண்டைக்கால் முதலில் கெஞ்சும். கால் வலியை மார்வலியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். எது வலிக்கிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கும் பலவீனமானவர்களுக்கும் சமதளத்தில் தொடங்கும் மாற்றிய புரூஸ் முறை உண்டு, கேட்டுப் பாருங்கள்.

ஏறியதும் எல்லோரும் செய்வது, முன்னால் இருக்கும் கம்பியை உடும்பாகப் பிடித்துக்கொள்வது. உடம்பின் பாரம் கம்பிக்குப் போய்விடும்; நீங்கள் நடக்காத தூரத்தை நடந்ததாகக் கணக்கு வரும். விரல் நுனியை வைத்தால் போதும். காலைப் பார்க்காமல் நேரே பாருங்கள். பிபி பார்க்கும்போது கையைத் தளர்த்திக் கொடுங்கள். நெஞ்சு இறுக்கினால், தலை சுற்றினால், உடனே சொல்லுங்கள். 'இன்னும் ஒரு நிமிஷம் தாங்குவேன்' என்று பல்லைக் கடிக்கிற வீரம் அங்கே தேவையில்லை. அதே சமயம் வேர்த்தவுடன் 'போதும் நிறுத்துங்கோ' என்றாலும் டெஸ்ட் பாதியில் நிற்கும். மூச்சு வாங்குவதும் வேர்ப்பதும் எதிர்பார்த்ததுதான். நின்ற பிறகு சில நிமிஷம் உட்கார வைத்தோ படுக்க வைத்தோ கோட்டைப் பார்ப்பார்கள். சில கோளாறுகள் ஓய்வெடுக்கும்போதுதான் தலைகாட்டும், எழுந்து ஓடாதீர்கள்.

ரிப்போர்ட் வந்ததும் கடைசி வரியைப் பார்க்கிறோம். நெகட்டிவ் என்றால் சுவீட், பாசிட்டிவ் என்றால் அழுகை. எனக்கு நடுவில் இருக்கும் வரிகள்தான் முக்கியம். எத்தனை நிமிஷம் நடந்தார்? எத்தனை மெட்? உடம்பு சும்மா இருக்கும்போது செலவாகும் சக்தி 1 மெட். புரூஸ் முதல் கட்டம் முடிந்தால் சுமார் 5, மூன்றாவது முடிந்தால் சுமார் 10. ஜோனதன் மையர்ஸ் குழுவினர் 6213 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2002இல் எழுதியது இது: ஒவ்வொரு மெட் கூடும்போதும் பிழைத்திருக்கும் வாய்ப்பு 12 சதவீதம் கூடியது. நின்ற பிறகு முதல் நிமிஷத்தில் நாடி எவ்வளவு இறங்கியது என்றும் பார்ப்பேன். 12க்கு மேல் இறங்க வேண்டும். நெகட்டிவ் என்று அச்சாகி, ஆனால் நாலு நிமிஷத்தில் நாக்குத் தள்ளி நின்றுவிட்டவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

பாசிட்டிவ் என்றால் அன்று மாலையே ஸ்டென்ட் என்று பதற வேண்டியதில்லை. இந்தியா உட்பட 37 நாடுகளில் 5179 பேரை வைத்து நடந்த இஸ்கிமியா என்ற ஆய்வு 2020இல் வெளிவந்தது. நிலையான இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள்: ஒரு பிரிவுக்கு நல்ல மருந்துகள், இன்னொரு பிரிவுக்கு அதே மருந்துகளோடு ஆஞ்சியோ, தேவைப்பட்டால் ஸ்டென்டோ பைபாஸோ. உயிரிழப்பில் வித்தியாசம் தெரியவில்லை. வலி மட்டும் இரண்டாவது பிரிவில் நன்றாகக் குறைந்தது. இடது பெரிய குழாயில் அடைப்பு உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேரவில்லை. அவர்கள் கதை வேறு. மிகச் சீக்கிரத்தில் கோடு மாறியவர், நடக்கும்போது பிபி விழுந்தவர் ஆகியோரும் தாமதிக்கக் கூடாது. மற்றவர்கள் வீட்டுக்கு வந்து, ரிப்போர்ட்டை இன்னொரு டாக்டரிடமும் காட்டி, யோசித்து முடிவு செய்ய நேரம் இருக்கிறது. 1975இல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம். செரியன் நாட்டின் முதல் பைபாஸைச் செய்த ஊர் இது. இங்கே இரண்டாவது கருத்துச் சொல்ல டாக்டருக்குப் பஞ்சமில்லை. கையில் பணம் இல்லாதவர்களுக்கு ஓமந்தூரார் தோட்டத்திலும் கிண்டியிலும் அரசின் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன.

வருஷா வருஷம் எடுக்க வேண்டுமா என்று ஒருவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். அறிகுறி இல்லை, போன தடவை நன்றாக நடந்தார், மாத்திரையில் மாற்றமில்லை என்றால் காலண்டரைப் பார்த்து எடுக்கத் தேவையில்லை. போன மாதம் ஓடிப்போய்ப் பஸ் பிடித்தவர் இந்த மாதம் நடந்து போகவே திணறுகிறார் என்றால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். வருஷம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இன்னொரு சீட்டில், கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் டிஎம்டி எடுக்கச் சொன்னார்கள் என்று இருக்கிறது. புதிதாக அறிகுறி ஏதும் இல்லாதவருக்குக் கண்புரைக்காக டிஎம்டி அவசியமில்லை. ஏன் வேண்டும் என்று கேளுங்கள்.

மீதிக் கேள்விகளுக்கு மைக்கைப் பின்வரிசைக்குக் கொடுங்கள். அங்கே ஒரு அம்மா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.